எல்லாம் அவன் செயல் என்றால் நம் செயல் எது?

தொலைக்காட்சி அரங்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம் இது. "கடவுள் எல்லாவற்றையும் ஆள்கிறார் என்றால் மனிதன் தன் விருப்பப்படி எதையாவது செய்ய முடியுமா? முடியாது என்றால் அவன் செய்த குற்றத்துக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?" இதுதான் தலைப்பு. நான் இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. ஆகவே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கிறிஸ்தவ உலகம் இந்தக் கேள்வியோடு 1,600 ஆண்டுகளாக எப்படிப் போராடியது, அந்தப் போராட்டம் நம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்தது என்ற வரலாற்றை மட்டும் சொல்கிறேன்.

குயவனும் களிமண்ணும்

ஆயர் ஈத்தாம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? பானைக் கடைகள்தானே! வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பு சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் அந்த நாற்சந்தியில் நிற்கும். இறங்கிக் கால் நீட்டுபவர்கள் பூச்சாடி, உண்டியல், மண்குடம் என்று எதையாவது வாங்காமல் ஏறமாட்டார்கள். ஜொகூரின் களிமண்ணை நம்பி வந்த சீனக் குயவர்கள் வளர்த்த தொழில் அது. பலகையில் சுழலும் மண் அவர்கள் கைபட்டு உருவம் பெறுவதை வேடிக்கை பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

அதே காட்சிதான் பைபிளில் இந்தக் கேள்விக்கு உவமையாக வருகிறது. அதுவும் ஒரு தடவை அல்ல.

எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார். கையில் இருந்த பாண்டம் கெட்டுப்போகிறது. குயவன் அந்த மண்ணைத் தூக்கி எறியவில்லை; பிசைந்து வேறொன்றாக வனைகிறான். அதிலிருந்து எரேமியா பெறும் செய்தி என்ன? ஒரு தேசம் தன் தீமையை விட்டுத் திரும்பினால் கடவுளும் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்வார் என்பது. அதாவது, மனிதன் எடுக்கும் முடிவுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து ரோமாபுரித் திருச்சபைக்குக் கடிதம் எழுதிய பவுல் அதே குயவனைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. தன்னை ஏன் இப்படிச் செய்தாய் என்று மண் குயவனைக் கேட்கலாமா? இங்கே முழு உரிமையும் குயவனுக்கே.

ஒரே சக்கரம், ஒரே மண். ஒருவர் திரும்பி வரும் வாய்ப்பைப் பார்த்தார். மற்றவர் ஆளும் கையைப் பார்த்தார். பின்னால் எழுந்த எல்லாச் சண்டையும் இந்த இரண்டு பார்வைகளுக்கு இடையே நடந்ததுதான்.

ஆப்பிரிக்க ஆயரும் பிரிட்டிஷ் துறவியும்

சண்டை முதலில் பெரிதாக வெடித்தது வட ஆப்பிரிக்காவில். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் (354-430). இளமையில் மனம்போன போக்கில் வாழ்ந்தவர். திருந்த வேண்டும் என்று நினைத்தும் திருந்த முடியாத வேதனை அவருக்குத் தெரியும். ஆகவே, ஆண்டவர் இடும் கட்டளையை நிறைவேற்றும் பலத்தையும் அவரேதான் கொடுக்க வேண்டும் என்று பிரார்த்தித்தார்.

பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியுஸ் என்ற துறவிக்கு இது பிடிக்கவில்லை. இப்படிப் பேசினால் மனிதன் முயற்சியைக் கைவிட்டு, தன் சோம்பலுக்குக் கடவுளைக் காரணம் காட்டமாட்டானா என்பது அவருடைய கவலை. நல்லது செய்யக் கட்டளை இருக்கிறது என்றால், செய்யும் சக்தியும் மனிதனிடம் இருக்கத்தான் வேண்டும் என்றார்.

418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளினார்கள். ஆனால் அத்தோடு முடியவில்லை. 529ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், முதல் அடியை எடுத்து வைப்பது கடவுளின் கிருபைதான் என்று அகுஸ்தீன் பக்கம் நின்றது. அதே மூச்சில், எவரையும் தீமை செய்வதற்கென்றே கடவுள் முன்குறித்தார் என்று சொல்வதையும் கண்டித்தது. நல்லதுக்குக் கடவுளைப் புகழலாம். கெட்டதுக்கு அவர்மேல் பழி போடக்கூடாது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

மலாக்காவின் சிவப்புத் தேவாலயம்

ஆயிரம் ஆண்டுகள் கழித்து நெருப்பு மறுபடி பற்றியது. 1524இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் மனித விருப்பத்தின் சுதந்திரத்தை ஆதரித்து எழுதினார். மறு ஆண்டே மார்ட்டின் லூதர், மனிதனின் விருப்பம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று பதில் எழுதினார்.

1618-19இல் ஹாலந்தின் டோர்ட் நகரில் ஒரு பெரிய சங்கம் கூடியது. யாரை மீட்பது என்பதைக் கடவுளே தீர்மானிக்கிறார் என்ற கால்வின் வழிப் போதனையை உறுதி செய்து, மனித விருப்பத்துக்கு இடம் கேட்ட அர்மினியுஸின் சீடர்களை வெளியேற்றியது.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்த டச்சுக்காரர்கள்தான் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். நூறாண்டு நிறைவுக்காக 1741இல் அடிக்கல் நாட்டி 1753இல் கட்டி முடித்த தேவாலயம்தான், இன்று சுற்றுப் பயணிகள் நின்று படம் எடுக்கும் மலாக்காவின் சிவப்புத் தேவாலயம். இன்று ஆங்கிலிக்கன் சபையின் கையில் இருந்தாலும், டோர்ட் சங்கத்தின் கொள்கையை ஏற்றவர்கள் கட்டிய கோயில் அது.

கத்தோலிக்கர்களிடமும் இதே விவாதம் நடந்தது. இயேசு சபையினர் மனித சுதந்திரத்தை அழுத்திச் சொன்னார்கள். டொமினிக்கன் சபையினர் கிருபையை அழுத்திச் சொன்னார்கள். ஆண்டுக் கணக்கில் விசாரித்த பிறகு 1607இல் போப் ஐந்தாம் பவுல் என்ன செய்தார் தெரியுமா? இரு தரப்பும் தத்தம் கருத்தை வைத்துக்கொள்ளலாம், ஒருவரை ஒருவர் மதவிரோதி என்று சொல்லக்கூடாது என்று முடித்து வைத்தார். நம் சங்கக் கூட்டங்களுக்கும் இந்தப் பக்குவம் வந்தால் நன்றாக இருக்கும்!

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் நண்பர்கள் ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் இதே கேள்வியில் பிரிந்தார்கள். கிருபை எல்லாருக்கும் உரியது, அதை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் முடியும் என்று 1739இல் வெஸ்லி பிரசங்கித்தார். ஒயிட்ஃபீல்டோ முன்குறித்தலை நம்பியவர். ஆனாலும் 1770இல் ஒயிட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். அந்த மெதடிஸ்ட் சபைதான் 1885இல் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு மலாயாவெங்கும் பள்ளிகளையும் தமிழ்ச் சபைகளையும் நிறுவியது.

தமிழனுக்குப் புதிதல்ல

இந்தக் கேள்வி கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அது 38ஆவது. அங்கே ஊழைவிட வலியது எதுவும் இல்லை. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், அது 62ஆவது. அங்கே சோர்வில்லாமல் முயல்பவன் ஊழையே தோற்று ஓட வைக்கிறான். இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்த துணிச்சல் வள்ளுவருடையது.

வைணவர்களுக்குள் இது தென்கலை, வடகலை என்றே பிரிந்தது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்கிப் போகிறது. குட்டி ஒன்றும் செய்வதில்லை. இறைவனின் அருளும் அப்படித்தான் என்பது பிள்ளை லோகாச்சாரியார் வழிவந்த தென்கலை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும்; மனிதனும் அப்படிப் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் (1268-1369) வழிவந்த வடகலை. அகுஸ்தீனும் பெலாஜியுஸும் காஞ்சிபுரத்துக்கு வந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதிகம் சிரமப்பட்டிருக்கமாட்டார்.

இந்த இரு நதிகளும் ஒரு மனிதரிடம் கலந்தன. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. சாயர்புரம் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, கம்பன் நடையில் அவர் பாடிய காப்பியம்தான் 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம்.

அந்தக் கதையைக் கவனியுங்கள். பயணி முதுகில் பெரிய சுமை. அதை அவனால் அவிழ்க்க முடியவில்லை. சிலுவையின் முன் வந்ததும் அது தானாகவே கழன்று விழுகிறது. அது அருள், பூனைக்குட்டியின் கதை. ஆனால் சேறு கடந்து அந்தச் சிலுவைவரை நடந்ததும், அதற்குப் பிறகு மலை கடந்து நடப்பதும் அவனுடைய கால்கள்தான். அது குரங்குக் குட்டியின் கதை. பனியன் கால்வின் வழியில் நின்றவர். அவரே தன் நாயகனை ஓரிடத்தில் உட்கார வைக்கவில்லை, நடக்க வைத்தார்.

தோட்டத்தில் கேட்ட கேள்வி

நம் கதைக்கு வருவோம். பால் மங்கைக் கழுவிக் கவிழ்த்த நம் பாட்டன் பாட்டிகளிடம் எதைக் கேட்டாலும் 'தலையெழுத்து' என்பார்கள். மலாய்க்கார அண்டை வீட்டார் 'தக்டிர்' என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் 'ஆண்டவர் சித்தம்' என்பார்கள். துன்பத்தைத் தாங்குவதற்கு அந்தச் சொல் ஒரு கைத்தடியாக இருந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே சொல்லை யார், எப்போது சொல்கிறார்கள் என்பது முக்கியம். ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுடைய விதவைகள் 'விதி' என்று சொல்லி அழுதால் அது ஆறுதல். அவர்களை அனுப்பியவன் 'விதி' என்று சொன்னால் அது தப்பித்தல். செத்தவர்களிடம் 'உங்களுக்குச் சுயவிருப்பம் இருந்ததே' என்று சொல்வதும் அதைப் போலவே கொடுமைதான்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்து பிற்காலத்தில் போதகரான ஜான் நியூட்டன், கடவுளின் முழு ஆளுகையை நம்பியவர். வெஸ்லியோ மனித விருப்பத்தை வலியுறுத்தியவர். கொள்கையில் எதிரெதிர். ஆனால் நியூட்டன் 1788இல் அடிமை வியாபாரத்தை அம்பலப்படுத்தி எழுதினார். வெஸ்லி 1791இல், தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அதை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கக் கடிதம் எழுதினார். 'கடவுள் இப்படித்தான் வைத்திருக்கிறார்' என்று அந்த வியாபாரத்தை விட்டுவிட இருவருமே சம்மதிக்கவில்லை. 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைத் தடை செய்தது.

சாவு வீட்டிலும் சாலையிலும்

இன்றைக்கு இந்தக் கேள்வி எங்கே உயிரோடு இருக்கிறது? ஆயர் ஈத்தாம் வழியாகப் போகும் பழைய கூட்டரசு சாலையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சாவு வீட்டிலும் 'வேளை வந்துவிட்டது' என்ற சொல் கேட்கும். மகனைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்லுங்கள், தவறில்லை. அவள் பிள்ளை எங்கோ தொலைந்துபோகவில்லை, ஒரு கையில் இருக்கிறான் என்று அவள் நம்பட்டும். ஆனால் குடித்துவிட்டு லாரி ஓட்டியவனும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விடாதீர்கள். ஆரஞ்சு நகரில் 529இல் ஆயர்கள் சொன்னது இதுதானே: தீமைக்குக் கடவுள்மேல் பழி போடாதே.

1,600 ஆண்டுகளில் இந்தக் கணக்கை முழுசாகத் தீர்த்தவர் யாரும் இல்லை. ஆனால் வரலாறு ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருகிறது. நடந்து முடிந்த துயரத்தைத் தாங்க இறைவனின் ஆளுகையை நம்புங்கள். அடுத்து செய்யப்போவதைத் தீர்மானிக்கும்போது உங்கள் பொறுப்பை நம்புங்கள். முன்னதைச் சொல்லிப் பின்னதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். வண்டிச் சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது நம் கையில்தான் இருக்கிறது.