எரியு ஆற்றங்கரையில் ஒரு மிதிவண்டிப் பாதை



நம் சபையின் ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, இப்பொழுது பிரான்சு தேசத்தின் லியோன் நகரில் பணிபுரியும் தம்பி ஒருவர் சென்ற வாரம் சில படங்களை அனுப்பியிருந்தார். விடுமுறையில் மிதிவண்டியேறி, ஓர் ஆற்றோரமாக மூன்று நாட்கள் பயணம் செய்தாராம். கற்பாலங்கள், பீச் பழத்தோட்டங்கள், படிப்படியாக வெட்டப்பட்ட மலைச்சரிவுகளில் கஷ்கொட்டை மரங்கள். படங்களின் அடியில் ஒரு கேள்வி: "ஐயா, இங்கே பல ஊர்களில் அலங்காரமே இல்லாத சிறிய ஆலயங்களைக் கண்டேன். அவற்றைச் சர்ச் என்று சொல்லாமல் 'தாம்ப்ள்' என்கிறார்கள். பிரான்சு கத்தோலிக்க நாடு அல்லவா?"

அவருக்கு எழுதிய பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். 'தாம்ப்ள்' என்பதற்குக் கோயில் என்றே பொருள். பிரெஞ்சு சீர்திருத்த சபையார் தங்கள் ஆலயத்தை இன்றும் அப்படித்தான் அழைக்கின்றனர். "கோயிலுக்குப் போகிறேன்" என்று சொல்லி ஞாயிறு காலை வேதாகமத்தோடு புறப்படும் நம் தாய்மாருக்கு இது வியப்பாக இராது.

தம்பி சென்ற பாதையின் பெயர் டோல்ச்சே வியா. அர்தேஷ் மாவட்டத்தில், ரோன் நதிக்கரையிலுள்ள லா வூல்ட் என்னும் ஊரில் தொடங்கி, எரியு ஆற்றை ஒட்டியே மலைமேல் ஏறுகிறது. கிளைப்பாதையோடு சேர்த்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மலைநாடாயிருந்தும் மூச்சு வாங்காமல் மிதிக்க முடிவதற்குக் காரணம் உண்டு. ஒருகாலத்தில் இது நீராவி ரயில் சென்ற குறுகிய இருப்புப்பாதை. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. ஆகவே பொறியாளர்கள் ஆற்றின் வளைவுகளைப் பின்பற்றி, பாலமும் சுரங்கமும் அமைத்து, மெதுவாக உயரும் வழியை உண்டாக்கினார்கள். 1968-இல் ரயில் நின்றது. பின்னர் தண்டவாளங்கள் இருந்த இடம் மிதிவண்டிக்காரருக்குக் கிடைத்தது.

இன்று அமைதியைத் தேடி மனிதர் இங்கே வருகின்றனர். முன்பு இதே பள்ளத்தாக்கின் அமைதி, உயிர் தப்புவதற்கான மறைவிடமாக இருந்தது.

1598-இல் நான்காம் ஹென்றி அரசர் நாந்த் கட்டளையின் மூலம் சீர்திருத்த விசுவாசிகளுக்கு ஓரளவு வழிபாட்டுரிமை அளித்தார். அவருடைய பேரனாகிய பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை நீக்கினார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். மற்றவர்களோ வெளியேறக்கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். அதற்கு முன்னமே போர்வீரர்கள் விசுவாசிகளின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டு, குடும்பம் பணியும்வரை உண்டு, உடைத்து, அச்சுறுத்தி வந்தனர். இரகசியக் கூட்டத்தில் பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைத்தண்டனை, பெண்களுக்குச் சிறை, பிரசங்கித்த போதகருக்குத் தூக்குமரம்.

இங்கே ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். பெரும்பாலானோர் பணிந்தார்கள், விசுவாசத்தை மறுதலிக்கும் தாளில் கையொப்பமிட்டார்கள். நான் இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் கற்ற நாட்களில் விட்டன்பெர்க்கையும் ஜெனீவாவையும் மனப்பாடம் செய்தேன். இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு பாடத்தில் இருந்ததாக நினைவில்லை. பின்னர் வாசித்தபோது, இந்தக் கையொப்பங்களே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தன. ஏனெனில் அப்படிக் கையொப்பமிட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே, பகலில் கட்டாயத்தினால் பூசைக்குச் சென்று, இரவில் மலையிடுக்குகளில் கூடி, சங்கீதம் பாடினார்கள். விழுந்தவர்களைக்கொண்டே தேவன் அந்தச் சபையைக் காத்தார். இஸ்ரவேலரின் நாற்பது வருஷ யாத்திரையை நினைத்து, அவர்கள் அதை 'வனாந்தரம்' என்று அழைத்தார்கள். மடக்கினால் தானியப் பீப்பாய்போல் தோன்றும் பிரசங்க பீடமும், கொண்டைக்குள் மறைத்துவைக்கும் அளவான சிற்றெழுத்து வேதாகமமும் அக்காலத்தின் சாட்சிகளாக இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வாளை எடுத்தவர்களும் உண்டு. 1702 முதல் செவென் மலைகளில் நடந்த கமிசார் கலகத்தில் இரு தரப்பும் இரத்தம் சிந்தின. அந்தப் போராட்டத்தைப் புகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. 1715-இல் அந்துவான் கூர் என்னும் இளைஞர் சில ஊழியரைக் கூட்டி, ஆயுதத்தைத் தவிர்த்து, மூப்பரையும் ஒழுங்கையும் மீண்டும் ஏற்படுத்தத் தொடங்கினார். அவரோடு உழைத்தவர்களில் ஒருவர் பியேர் துராந்.

தம்பி தேநீர் அருந்த இறங்கிய ஒலியேர் என்னும் ஆற்றங்கரை ஊரிலிருந்து தெற்கே மலைமேல் சென்றால் பிரான்ல் என்னும் சிற்றூர் வரும். அங்கே புஷே என்ற குக்கிராமத்தில் துராந் குடும்பத்தின் கல்வீடு இருக்கிறது. இன்று அது ஒரு அருங்காட்சியகம். தகப்பன் எத்தியேன் ஊர் எழுத்தர். தேவனுக்குத் துதி என்று பிரெஞ்சு மொழியில் பொறித்து, 1696 என்ற ஆண்டையும் சேர்த்திருக்கிறார். வாயால் சொல்லக்கூடாத காலத்தில் கல்லில் எழுதிவைத்த மனிதர்! 1719-இல் ஓர் இரகசியக் கூட்டத்தைத் தொடர்ந்து அவர் மனைவி சிறைபிடிக்கப்பட்டார்; அந்தத் தாய் வீடு திரும்பவில்லை. மகன் பியேர் தப்பியோடி, பிற்பாடு போதகராகத் திரும்பிவந்தார். அவரைப் பிடிக்க முடியாத அதிகாரிகள் தகப்பனைப் பிடித்துக் கடற்கோட்டையில் அடைத்தார்கள். 1730-இல் தங்கை மரீயைப் பிடித்தார்கள். அவள் பிரசங்கித்தவள் அல்ல. போதகரின் தங்கை, அவ்வளவே குற்றம். அவளுக்கு அப்போது 15 வயது என்று பழைய நூல்கள் கூறும்; ஆனால் அவள் பிறந்தது 1711-இல், ஆகவே வயது 19.

எரியு ஆறு ரோன் நதியில் கலக்கிறது. ரோன் தெற்கே மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. அந்த நதியோரமாகவும் வியாரோனா என்ற நீண்ட மிதிவண்டிப் பாதை உண்டு. ஜெனீவா ஏரியிலிருந்து கடல்வரை 800 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் அப்பாதையின் ஒரு கிளை, ஏக்-மோர்த் என்னும் மதில்சூழ்ந்த ஊரின் பக்கமாகப் போகிறது. 'செத்த நீர்' என்பதே அப்பெயரின் பொருள். சுற்றிலும் உப்பங்கழி, கொசு. அங்குள்ள கொன்ஸ்தான்ஸ் கோபுரத்தின் சுவர்கள் ஏறத்தாழ 6 மீட்டர் தடிமனானவை. மரீ துராந் அதற்குள் 38 ஆண்டுகள் இருந்தாள்.

அவளிடம் கேட்கப்பட்டது என்ன? பழைய விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம். சொன்னவர்களுக்குக் கதவு திறந்தது. சிலர் சொல்லி வெளியேறினார்கள். 38 ஆண்டுகள் என்றால் ஏறக்குறைய 14,000 காலைப்பொழுதுகள். அத்தனை காலையும் அந்த வாக்கியம் அவள் நாவின் நுனியில் இருந்திருக்கும். 1732-இல் அண்ணன் பியேர் மோன்பெலியே நகரில் தூக்கிலிடப்பட்டார். இனி அவரைக் காப்பதற்காக அவள் சிறையில் இருக்கவேண்டியதில்லை. ஆயினும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அவள் எழுதிய கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. அவற்றில் வீரமுழக்கத்தைத் தேடிச் செல்பவர் ஏமாந்துபோவார். உடன் கைதிகளுக்காக உதவி கேட்கிறாள்; உதவி வந்தபின் நன்றி சொல்லுகிறாள். அண்ணன் மகளுக்குத் தாயைப்போல் புத்தி சொல்லுகிறாள். அவள் பதில் எழுதாதபோது மனம் நோகிறாள். நோயைப் பற்றியும் குளிரைப் பற்றியும் எழுதுகிறாள். அப்போஸ்தலனாகிய பவுலும் சிறையிலிருந்து தன் மேலங்கியைக் கொண்டுவரச் சொல்லி எழுதினார் அல்லவா?

கோபுரத்தின் மேல்தளத்தில், நடுவிலுள்ள வட்டத் துவாரத்தைச் சுற்றிய கல்லில் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. எதிர்த்து நில் என்பது அதன் பொருள். எழுத்துப்பிழையோடு இருக்கிறது. கீறியவள் மரீதான் என்று சபை மரபு சொல்லுகிறது. கல்லில் கையொப்பம் இல்லை.

விடுதலை அளித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் நாம் மறக்கலாகாது. அப்பகுதியின் படைத்தலைவராயிருந்த பிரபு போவோ, கோபுரத்தைப் பார்வையிட்டு, உள்ளிருந்த முதிய பெண்களைக் கண்டு உள்ளம் உடைந்தார். அரண்மனையின் அதிருப்திக்கு அஞ்சாமல் அவர்களை விடுவித்தார். மரீ 1768 ஏப்ரலில் வெளியே வந்தாள். வயது 56.

இந்தப் பள்ளத்தாக்கின் கதை அங்கே முடியவில்லை. டோல்ச்சே வியா முடியும் சேன்-அக்ரேவ் ஊருக்கு அப்பாலும் அந்த ரயில் சென்றது. அடுத்த பீடபூமியில் லெ ஷம்போன்-சுர்-லின்யோன் என்னும் ஊர். 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்த மறுநாள், அவ்வூர்ப் போதகர்களான அந்த்ரே திரோக்மே, எதுவார் தெயிஸ் இருவரும், சுவிசேஷத்துக்கு மாறான கட்டளைகளைப் பகையின்றி, ஆனால் பயமுமின்றி எதிர்க்கும்படி சபைக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டுகளில் யூதர்கள், அவர்களில் பல பிள்ளைகளும், அந்தச் சிறிய ரயிலில் வந்து இறங்கினார்கள்; குடியானவர்கள் தங்கள் பண்ணைகளில் அவர்களை ஒளித்துவைத்தார்கள். போதகரின் உறவினரான தானியேல் திரோக்மே தம் பொறுப்பிலிருந்த மாணவர்களோடு 1943-இல் பிடிபட்டு, மறு ஆண்டு மய்தானெக் முகாமில் மரித்தார். ஒளித்துவைத்தவர்கள் பலர், வனாந்தரச் சபையின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். பிள்ளைகளைத் தேடி அதிகாரிகள் கதவைத் தட்டும்போது என்ன செய்யவேண்டும் என்பதை அவர்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

மரீ பிரான்ல் வீட்டுக்கே திரும்பினாள். தாய், தகப்பன், அண்ணன் ஒருவரும் இல்லை. கடனும் வறுமையும் இருந்தன. ஆம்ஸ்டர்டாமிலிருந்த பிரெஞ்சுமொழிச் சபை அனுப்பிய உதவித்தொகையால் வாழ்ந்தாள். கப்பலில் அடிமையாயிருந்து விடுதலையான அலெக்சாந்த்ர் ஷம்போன் என்ற முதியவரையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு, அந்தத் தொகையில் அவரையும் பராமரித்தாள். 1776-இல் மரித்தாள். சீர்திருத்த விசுவாசிகள் தங்கள் பிறப்பையும் திருமணத்தையும் சட்டப்படி பதிவுசெய்ய அனுமதி கிடைத்தது 1787-இல்தான்.

தம்பி அடுத்த விடுமுறையில் ரோன் நதியோரமாகக் கடல்வரை மிதிக்கப்போவதாக எழுதியிருக்கிறார். ஏக்-மோர்த்தில் இறங்கி, கோபுரத்தின் மேல்தளம்வரை ஏறி, அந்தக் கல்லருகே குனிந்து பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.