கையடக்க மின்கலமும் மலையக லயங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் தொழிற்சங்கப் போராட்டங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களின் வாழ்வைப் புரட்டிப்போட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சமூகம் அன்றாடம் கையாண்ட எளிய பொருள்களும் வரலாற்றுச் சான்றுகளே. ஏட்டில் இடம்பெறாத மக்களைப் பற்றி அறிய முற்படுவோர்க்கு அவை இன்றியமையாத சான்றுகளுமாகும். இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து இளைஞர்தம் பையில் காணப்படும் ‘பவர் பேங்க்’ என்னும் கையடக்க மின்கலம் அத்தகையதொரு சான்றாகும். கைத்தொலைபேசியோடு சேர்ந்து வந்த நாகரிகப் பொருளாகவே அது முதற்பார்வைக்குத் தோன்றும். அதன் முன்னோடிகளைத் தேடிச் செல்வோமாயின் வேறொரு கதை புலப்படும்.

இலங்கையின் நீர்மின் வரலாறு மலையகத்தோடு பிரிக்கவியலாதது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, அருகிலோடிய ஓடைகளின் நீர்விசையைக் கொண்டே தம் இயந்திரங்களை இயக்கின. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் வாசித்த ஆய்வுரையொன்றில், மலைநாட்டு நீர்வளத்தால் நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை ஆக்கலாம் என வாதிட்டார். அவர் கனவு கண்ட லக்சபான நிலையத்தின் முதற்கட்டம் 1950இல் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரைக் கொண்டியங்கும் விமலசுரேந்திர நிலையமும், 1974இல் புதிய லக்சபான நிலையமும் தொழிற்படலாயின. இவற்றிற்கிடையே எழுந்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது அந்நகரின் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுவதைக் காணலாம்.

இவ்வாறு ஆக்கப்பட்ட மின்சாரம் உயரமான கோபுரங்களின் வழியே தேயிலை மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றது. தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் விளக்கெரிந்தது. லயத்துக் காம்பிராக்களிலோ, பல்லாண்டுகளாகக் குப்பி விளக்கே எரிந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரும் இந்நிலை உடனடியாக மாறிவிடவில்லை. 1980களின் பின், பத்தாண்டுகள் பல கழியக் கழியவே லயங்கள் படிப்படியாக மின்னிணைப்புப் பெற்றன. விளக்கின் கீழ் இருள் என்னும் முதுமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

கம்பி வழியே வாராத ஆற்றலை மக்கள் கையிற் சுமந்தே கொண்டுவந்தனர். முதலிற் சுமந்தது மண்ணெண்ணெய்ப் போத்தல். அடுத்து வந்தது ‘டோர்ச்’ விளக்கின் உலர்மின்கலம். திரான்சிஸ்டர் வானொலி பரவியபோது, அதே கலங்கள் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் காம்பிராவுக்குள் கொண்டுவந்தன. வலுக்குன்றிய கலங்களை வெயிலிற் காயவைத்து, மேலும் சில நாள் பாடவைத்த சிக்கனத்தைப் பெரியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். 1982இல் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், மின்வசதியற்ற இடங்களிற் கார்ப் பற்றரியின் காலம் பிறந்தது. 12 வோற்று ஈயப் பற்றரியைத் தோளிற் சுமந்து நகரத்துக் கடைக்குக் கொண்டுசென்று, மின்னேற்றி மீண்டும் சுமந்துவருதல் வழக்கமாயிற்று. கையடக்க மின்கலம் இவ்வரிசையின் இறுதிக் கண்ணியே எனலாம்.

இக்கண்ணியைச் சாத்தியமாக்கியது இலிதியம் அயன் மின்கலம். 1991இல் சொனி நிறுவனம் அதனை வணிகப் பொருளாக்கியது. அதற்கு அடிகோலிய குடினஃப், விற்றிங்காம், யொஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். 10,000 மில்லி அம்பியர் மணி எனக் குறிக்கப்பட்ட மின்கலமொன்று, 3.7 வோற்றில், 37 வாற்று மணி ஆற்றலைத் தேக்குகின்றது. மின்னழுத்தத்தை உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாய் இழக்கப்படுவதால், 4,000 அளவுள்ள தொலைபேசியை அது ஏறக்குறைய ஒன்றரை முறையே நிரப்பும். ஆயினும் அதன் நிறை கால் கிலோவுக்கும் குறைவு. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட ஈயப் பற்றரியைச் சுமந்த தலைமுறைக்கு இவ்வேறுபாட்டின் பொருள் நன்கு விளங்கும். 

மலைநாட்டில் இதன் தேவை சமவெளியினும் மிகுதி. பள்ளத்தாக்குகளில் அலைவரிசை நலிவதால், கோபுரத்தைத் தேடியே தொலைபேசி தன் மின்னைச் செலவிடுகின்றது. நுவரெலியாவின் பனிக்காலக் குளிரும் மின்கலத்தின் வலுவைத் தற்காலிகமாகக் குறைக்கும். 2020 மார்ச்சிற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை தொலைபேசிக்குள் வந்தது. ஒரு வீட்டில் ஒரே தொலைபேசி, அதனைப் பகிரும் பிள்ளைகள் பலர், அலைவரிசையோ மலைமேட்டில் என்னும் நிலையில், மின்னேற்றம் தீர்ந்த கணமே கல்வியும் நின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலோ மார்ச் 31ஆம் திகதி நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நாளாந்த மின்வெட்டு 2023 பெப்ரவரியிலேயே ஓய்ந்தது. தலைநகரும் அன்று இருளை அறிந்தது. தோட்டத்து முதியோர்க்கு அது பழகிய இருளே.

கையடக்க மின்கலத்தை மக்களின் தன்முயற்சிக்குச் சான்றாகப் போற்றுவோர் உளர். அதில் உண்மையுண்டு. ஆனால் அக்கலம் மின்சாரத்தை ஆக்குவதில்லை. பிறிதோரிடத்துப் பெற்றதைத் தேக்கி வைப்பதே அதன் பணி. சுவரிலுள்ள மின்வாயிலில் மின் இல்லையேல் அதுவும் வெறும் பெட்டியே. பொதுவழங்கல் செய்யவேண்டிய பணியைத் தனியாளின் பணப்பை ஏற்கின்றது என்பதும், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு செலவன்று என்பதும் மறக்கற்பாலன அல்ல. குப்பி விளக்கு முதல் இக்கலம் வரை நீளும் வரிசை, ஒருபுறம் மக்களின் விடாமுயற்சியையும் மறுபுறம் அவர்க்கு மறுக்கப்பட்டதையும் ஒருங்கே காட்டுகின்றது.

ஆதலின், மலையக வரலாற்றைத் தொகுக்க விழையும் மாணவர், ஆவணக் காப்பகத்தோடு அமையாது, லயத்து மூலையிற் கிடக்கும் கரிபடிந்த குப்பி விளக்கையும் செயலிழந்த பற்றரியையும் பேணிக் குறித்துவைத்தல் வேண்டும். அவற்றைச் சுமந்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழி மறையுமுன் பதிவுசெய்தல் நம் தலைமுறையின் கடனாகும்.