வெள்ளி தீர்ந்தபின் ஒரு ஊர்

ஆஸ்லோவிலிருந்து தென்மேற்கே 80 கி.மீ. போனால் கோங்ஸ்பெர்க் என்று ஒரு ஊர் வரும். மக்கள்தொகை 30,000 கூடத் தேறாது. நம்ம ஊர்ல இதை டவுன்னு சொல்றதுக்கே யோசிப்பாங்க. ஆனா இங்கே ஏவுகணை செய்றாங்க, விமான எஞ்சினுக்குப் பாகம் செய்றாங்க, கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளை வடிவமைக்கிறாங்க. நடுக்கடலில் நங்கூரம் போடாமலே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கிற மென்பொருளும் இந்த ஊர்ச் சரக்குதான்.

இதுக்கெல்லாம் பொருளாதாரப் புவியியல்காரங்க 1990களில் ஒரு பேர் வச்சாங்க: வட்டாரப் புத்தாக்க அமைப்பு. கம்பெனி, கல்லூரி, அரசாங்கம் மூணும் ஒரே வட்டாரத்தில் கூடி உட்கார்ந்து புதுசு புதுசா யோசிக்குமாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. கோங்ஸ்பெர்க் கதையில் திட்டம் போட்டு நடந்தது கம்மி, அடிபட்டு நடந்ததுதான் அதிகம்.

1623-இல் மாடு மேய்க்கப் போன ரெண்டு பிள்ளைங்க வெள்ளியைக் கண்டாங்க, எருது கொம்பால் பாறையைச் சீய்த்தபோது பளபளத்தது என்பது ஊர்க்கதை. பெத்தவங்க சத்தம் போடாம ஷீன் நகரத்தில் வெள்ளியை விற்கப் பார்த்து மாட்டிக்கிட்டாங்களாம் :-) அடுத்த வருஷமே டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் கிறிஸ்டியன் வந்து ஊருக்கு அடித்தளம் போட்டார். கோங்ஸ்பெர்க் என்றால் ராஜா மலை. ஜெர்மனியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1770 வாக்கில் சுரங்கத்தில் சுமார் 4,000 பேர் வேலை பார்த்தார்கள். 1757-இல் சுரங்கப் பொறியியலுக்கென்றே ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். நார்வேயில் முதல் பல்கலைக்கழகம் வந்ததே 1811-இல்தான் என்பதை இதோட சேர்த்துப் பாருங்க.

1805-இல் சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். நஷ்டம். ரெண்டே வருஷத்தில் நெப்போலியன் போர் இங்கேயும் வந்து, பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் தானியக் கப்பல் வருவது நின்றது. 1810-இல் ஊரின் பெரும்பகுதி தீயில் போனது. வேலையில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை என்ன செய்வது? சுரங்க அதிகாரியாக இருந்த பவுல் ஸ்டேன்ஸ்ட்ருப் முன்னின்று 1814-இல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையைத் தொடங்கினார். நாட்டுக்கு ஆயுதம் வேணும், ஊருக்குச் சோறு வேணும், அவ்வளவுதான் கணக்கு. உலோகம் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன. சுரங்கத்தை 1816-இல் மறுபடி திறந்து 1950களின் கடைசி வரை ஓட்டினார்கள், ஆனா ஊரின் தலையெழுத்து தொழிற்சாலைக்கு மாறிவிட்டது.

அங்கே உருவான க்ராக்-யோர்கன்சன் துப்பாக்கியை 1892-இல் அமெரிக்க ராணுவமே தேர்ந்தெடுத்தது. க்ராக் ராணுவ அதிகாரி, தொழிற்சாலையின் தலைவர். யோர்கன்சன் அங்கே வேலை பார்த்த துப்பாக்கிக் கம்மியர். பட்டறைக்காரன் பேரும் தலைவர் பேருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கிட்டது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம ஆபீஸ்ல மேனேஜர் பேர் மட்டும்தானே வரும்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1956-இல் பியார்னே ஹுர்லன் தலைமைக்கு வந்ததும் ஆட்டம் சூடு பிடித்தது. வோல்வோவுக்கு உதிரிபாகம், கேஸ் டர்பைன், பெங்குவின் ஏவுகணை, எந்திரங்களை எண்களால் இயக்கும் கணினி, வட கடலில் எண்ணெய் கிடைத்ததும் அதற்கான கருவிகள். அரசாங்கப் பணம் இருந்ததால் எதையும் தொட்டுப் பார்த்தார்கள். இதில் என் கண்ணுக்கு முத்து, 1977-இல் ஸீவே ஈகிள் கப்பலில் பொருத்திய நிலைநிறுத்தும் கருவி. காற்றும் அலையும் கப்பலை எவ்வளவு தள்ளும் என்று கணினி கணித்து, அதற்கேற்ப உந்திகளை இயக்கும். அடியில் இருந்த கணக்கு கால்மன் வடிகட்டி. அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டின அதே சமாச்சாரம். இந்த ஆராய்ச்சியை நடத்தியவர் டிரோண்ட்ஹெய்ம் பேராசிரியர் யென்ஸ் பால்கன்.

அப்புறம் 1987. ரெண்டு இடி ஒரே வருஷத்தில். இந்த ஊர் எண்முறைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் தோஷிபா எந்திரங்களும் சேர்ந்து சோவியத் நீர்மூழ்கிகளின் சுழலிகளைச் சத்தமில்லாமல் கடைந்து கொடுத்தது அம்பலமானது. அமெரிக்க எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் தோஷிபா ரேடியோவைச் சுத்தியலால் உடைத்தார்கள். இன்னொரு பக்கம் கடன் தாங்காமல் தொழிற்சாலையே விழுந்தது. அரசு ராணுவப் பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துண்டு துண்டாக விற்றது.

ஊர் முடிஞ்சதுன்னுதான் எவனும் நினைச்சிருப்பான். ஆனா விற்றது கம்பெனியைத்தான், ஆளுங்க அதே தெருவுலதான் இருந்தாங்க. எண்ணெய்ப் பிரிவு கை மாறிக் கை மாறி இன்று டெக்னிப்எஃப்எம்சி. ஜெட் எஞ்சின் பிரிவு வோல்வோவிடம் போய், பிறகு ஜிகேஎன். கார் பிரிவு கோங்ஸ்பெர்க் ஆட்டோமோட்டிவ். கப்பல் நிலைநிறுத்தும் பிரிவு சிம்ராட் கம்பெனிக்குப் போனது. 1996-இல் சிம்ராடையே பழைய ராணுவப் பிரிவின் வாரிசான கோங்ஸ்பெர்க் குழுமம் வாங்கிவிட்டது. வித்த மாட்டைக் கன்னோட திரும்ப ஓட்டிவந்த மாதிரி.

இதைப் பார்த்து "தனியாருக்கு வித்தா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது ஒப்பலை. வித்தது எதை? முப்பது வருஷமா அரசாங்கம் நஷ்டத்தையும் தாங்கிக்கிட்டு வளர்த்த ஆளுங்களைத்தான். அதே சமயம், ஒரே கூரைக்கு அடியில் இருந்திருந்தால் கப்பல் மென்பொருளும் கார் கியரும் ஒரே பட்ஜெட்டுக்கு அடிச்சிக்கிட்டே செத்திருக்கும்கிறதும் நிஜம்.

அதே பக்கத்து மலைகளில்தான் ரியூக்கன் இருக்கிறது. நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அருவியை நம்பி, 1911-இல் உர உற்பத்தி தொடங்கிய ஊர். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக முடிந்ததும் அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கணும்கிற அவசியம் போச்சு. 1929-இல் ஹைட்ரோ கடலோர ஹெரோயாவில் புது ஆலை கட்டியது. ரியூக்கன் மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது. அந்த ஊர் ஆளுங்க சோம்பேறிகள் இல்லை. அங்கே இருந்தது உலையும் அருவியும். என்ன செய்வது என்று முடிவெடுக்கும் தலைமை அலுவலகம் ஆஸ்லோவில்.

கோங்ஸ்பெர்க்கில் 2006-இல் ஒரு முதுநிலைப் படிப்பு ஆரம்பித்தார்கள், அமைப்புப் பொறியியல். மாணவர்கள் பாதி நேரம் கல்லூரி, பாதி நேரம் ஊரிலிருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியில் சம்பளத்தோட வேலை. 2024-இல் புது ஏவுகணைத் தொழிற்சாலை திறந்தது, உக்ரைன் போருக்குப் பிறகு ஆர்டர் குவிந்ததால். பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள்ளே இப்ப சுற்றுலா ரயில் ஓடுது.