குவேக்கர் முன்னோரைத் தேடி

இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1837-ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய தலைமுறைகளை அறிய, பெரும்பாலும் அரசுத் திருச்சபையின் ஏடுகளையே நாட வேண்டும். அந்தத் திருச்சபையில் சேராத ஒரு சிறு கூட்டத்தார் தமக்கென்று தனி ஏடுகள் வைத்திருந்தனர். அவர்களே குவேக்கர்கள்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தோற்றுவித்த இச்சபையில் திருமணம் நடத்திவைக்கக் குருமார் கிடையாது. மணமக்களே சபையின் முன் எழுந்து நின்று உறுதி கூறுவர்; வந்திருந்தோர் சாட்சிகளாகச் சான்றிதழில் கையெழுத்திடுவர். ஆகவே ஒரு திருமணச் சான்றிதழ், உற்றார் உறவினர் பெயர்களின் பட்டியலாகவும் அமைந்துவிடுகிறது. பழைய குவேக்கர்கள் கல்லறையில் பெயர்க்கல் நாட்டுவதையும் விரும்பவில்லை. கல் சொல்லாததை ஏடுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு ஊர்களில் ஒரே செய்தி

ஒவ்வொரு வட்டாரத்திலும் குவேக்கர்களின் 'மாதக் கூட்டம்' நடைபெறும். உறுப்பினர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், அவர் நன்னடத்தை உடையவர், கடன் பாக்கி இல்லாதவர் என்று கூட்டம் ஓர் இடமாற்றச் சான்றிதழ் வழங்கும். சான்றிதழை வழங்கியதைப் பழைய ஊரின் ஏடு குறிக்கும். பெற்றுக்கொண்டதைப் புதிய ஊரின் ஏடு குறிக்கும்.

1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிமை முறையை வெறுத்த குவேக்கர்கள் பலர், வட கரோலினாவை விட்டு ஒஹாயோ, இண்டியானா பகுதிகளுக்குச் சென்றனர். நியூ கார்டன் கூட்டத்தின் ஏட்டில் மறைந்துவிடும் ஒரு குடும்பம், இண்டியானாவின் ஒயிட்வாட்டர் கூட்டத்தின் ஏட்டில் மீண்டும் தோன்றக்கூடும். இரண்டு ஏடுகளுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல் தூரம். ஓர் ஊரின் ஏட்டைப் பார்த்தவரும் மற்ற ஊரின் ஏட்டைப் பார்த்தவரும் செய்தி பரிமாறிக்கொண்டால்தான் அறுந்த இழை ஒன்றுசேரும்.

இந்தத் தேவையை நன்கு உணர்ந்தவர் வில்லியம் வேட் ஹின்ஷா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடிய இசைக் கலைஞர் இவர். பல கூட்டங்களின் ஏடுகளைப் படியெடுக்கச் செய்து, அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியத்தை உருவாக்கினார். முதல் தொகுதி 1936-இல் வெளிவந்தது.

மாதங்களின் புதிர்

கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் பிற தெய்வங்களின் பெயர்கள் வழங்குவதைக் குவேக்கர்கள் ஏற்கவில்லை. 'முதல் மாதம்', 'இரண்டாம் மாதம்' என்று எண்ணாலேயே குறித்தனர். 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. மார்ச்தான் முதல் மாதம். ஆகவே '1740, பதினொன்றாம் மாதம்' என்பது நவம்பர் அன்று; இன்றைய கணக்கில் 1741 ஜனவரி.

இதை அறியாத ஒருவர் 1740 நவம்பர் என்று எழுதி அனுப்ப, மற்றொருவர் 1741 ஜனவரி என்று எழுதினால், ஒரே குழந்தை இரண்டு குழந்தைகளாகிவிடும்! எனவே மூலத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறிக்க வேண்டும். எந்த ஏடு, எந்தக் கூட்டம் என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். சான்று இல்லாத செய்தி கைமாறக் கைமாற, ஊகமும் உண்மைபோல் நிலைத்துவிடும்.

விலக்கப்பட்டோரும் விடுதலை பெற்றோரும்

சபைக்கு வெளியே மணம் புரிந்தவர்களைக் கூட்டம் விலக்கிவிடுவது அக்கால வழக்கம். அதன்பின் ஏட்டில் அவர் பெயர் வருவது அரிது. தேடுகிறவர் அவர் இறந்துவிட்டார் என்று எண்ணலாம். ஆனால் அவருடைய வழித்தோன்றல் ஒருவர் வேறு சபையின் பதிவுகளையோ குடும்ப பைபிளையோ வைத்திருக்கக்கூடும்.

இன்னொரு சாராருக்கும் இந்த ஏடுகள் முக்கியமானவை. உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்று பிலடெல்பியாவின் ஆண்டுக் கூட்டம் 1776-இல் முடிவு செய்தது. அக்காலத்தில் குவேக்கர்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன. அடிமைகளின் பெயரை எழுதிவைக்க அக்கறை கொண்டோர் அன்று மிகச் சிலரே. ஆதலால் அவர்களின் சந்ததியாருக்கு ஒரு முன்னோரின் பெயரைக் காட்டும் ஏடாக அந்தப் பத்திரமே இருக்கக்கூடும். குவேக்கர் முன்னோரைத் தேடுகிறவர் வழியில் இத்தகைய பெயர்களைக் கண்டால், தம் குடும்பம் அன்று என்று ஒதுக்கிவிடாமல் குறித்து வைத்துப் பிறருக்கும் தெரிவிப்பது நல்லது.