காவற் கல்வியின் கதை



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்து சென்றால் மீஞ்சூர் வரும். ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் அங்கே கோயில்கள் இருத்தலால், ‘வடகாஞ்சி’ என்று பெயர் பெற்ற பழைய ஊர் அது. இன்று அவ்வூரைச் சுற்றி வேறு வகைக் கோபுரங்களும் எழுந்து நிற்கின்றன. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளைக் காணலாம். வல்லூர் நிலையத்தின் திறன் மட்டும் 1,500 மெகாவாட் ஆகும். கிழக்கே எண்ணூர்க் கடற்கரையில் 2001-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டது. அதனருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீரை ஆக்கும் வகையில் அமைக்கப்பட்ட நிலையம் அது. வடக்கே சென்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை.

இத்தகைய நிலையங்களில் இரவென்றும் பகலென்றும் வேறுபாடில்லை. ஷிப்டு மாறி ஷிப்டு வேலை நடக்கும். இரவு ஷிப்டு முடிந்து, விடியற்காலையில் மீஞ்சூர் நிலையத்தில் மின்ரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். கையிலுள்ள கைப்பேசியில் அவர் பார்த்துக்கொண்டிருப்பது திரைப்படமன்று. ஒரு பேராசிரியரின் பாடம். வேலையை விடாமலே, இணையத்தின் வழியாக, பகுதிநேர மாணவராக, சைபர் பாதுகாப்பு என்னும் துறையில் முதுநிலைப் பட்டத்துக்கு அவர் படிக்கிறார். இக்காட்சி புதியது, ஆனால் இதற்குப் பின்னே நூற்றறுபது ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் உயிர் ஒரே வினாவில் அடங்கியிருக்கிறது. கண்ணால் காணாத ஒருவரை எவ்வாறு நம்புவது? இதுவே அவ்வினா.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858-ஆம் ஆண்டில் ஒரு புதிய வழியைத் திறந்தது. எந்தக் கல்லூரியில் படித்தவராயினும், எந்தக் கல்லூரியிலும் படியாதவராயினும், தேர்வில் தேறினால் பட்டம் பெறலாம் என்பதே அவ்வழி. ‘நீ எங்கே படித்தாய்?’ என்று கேட்ட கல்வியுலகம், ‘நீ என்ன அறிவாய்?’ என்று கேட்கத் தொடங்கிய நாள் அது. பின்னர்க் கடல் கடந்த நாடுகளிலும் அத்தேர்வுகள் நடந்தன. மாணவனைக் கண்ணாற் காணாத பல்கலைக்கழகம், தேர்வை நம்பி அவனுக்குப் பட்டம் அளித்தது.

இந்த வழியில் சென்று பயன்பெற்ற தமிழர் பலர். ஈழத்துக் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்னும் ஆசிரியர், பள்ளிப் பணியில் இருந்துகொண்டே படித்து, 1920-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டத் தேர்வில் தேறினார். அவரே பின்னாளில் துறவு பூண்டு, விபுலாநந்த அடிகள் என்று தமிழுலகம் போற்றும் பெரியாரானார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவரும், 1947-இல் வெளிவந்த யாழ் நூலை ஆக்கியவரும் அவரே. இசைத்தமிழை ஆராய்ந்த அந்த நூலில் கணக்கறிவும் அறிவியலறிவும் இழையோடுவதை யாவரும் அறிவர். தொலைவிலிருந்து பெற்ற கல்வி தாழ்ந்த கல்வி என்பாருக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுமோ?

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராகவும், பின் திருப்பத்தூர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றிய மு. வரதராசனார், தாமாகவே படித்து 1935-இல் வித்துவான் தேர்விலும், 1939-இல் பி.ஓ.எல். தேர்விலும் தேறினார். பணியும் படிப்பும் பகைப்பொருள்கள் அல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

எனினும், இவர்கள் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே படித்தவர்கள். தேர்வு வைக்க ஒரு நிறுவனம் இருந்தது. வீட்டிலிருப்பவருக்குப் பாடம் சொல்ல நிறுவனம் இல்லை. அக்குறையைப் போக்க வந்ததே அஞ்சல்வழிக் கல்வி. நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அதனைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அவ்வழியிற் சென்றது. பாடங்கள் தபாற்காரர் கையில் வந்தன. விடைகள் தபாற்பெட்டி வழியே சென்றன. ஆலைகளில் பணியாற்றுவோருக்கென்றே பிலானிப் பிர்லா நிறுவனம் 1979-இல் தனிப் படிப்புகளைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 2001-இல் ஞானவாணி என்னும் பெயரில் வானொலியும் வகுப்பறையாயிற்று. 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடித் தம் வகுப்புப் பாடங்களை இணையத்தில் யாவர்க்கும் வழங்கும் பணியைத் தொடங்கின. 2017-இல் மைய அரசின் ‘ஸ்வயம்’ என்னும் தளம் வந்தது.

ஆக, பாடம் தொலைவைக் கடந்துவிட்டது. நம்பிக்கையும் கடந்ததா? இங்கேதான் வரலாறு ஒரு துயரமான ஏட்டைப் புரட்டுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய ஒப்புதல் பெறாமலே தொலைநிலையில் பொறியியற் பட்டங்களை வழங்கி வந்தன. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதுபற்றித் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்து பெற்ற பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் மீண்டும் ஒரு தேர்வெழுதித் தேற வேண்டுமென்று சொல்லப்பட்டது. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்களோ செல்லாதவையாயின. பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் படித்தவன், ஒருநாட் காலையில் செய்தித்தாளைப் பிரித்துத் தன் பட்டம் செல்லாது என்று படித்தால் அவன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! குற்றம் அவன் உழைப்பில் இல்லை. பட்டத்தின்மேல் இட்ட முத்திரையில் இருந்தது.

அதனால் விதிகள் இறுகின. பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வகுத்த விதிகள், பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ கற்பிக்கத் தடை விதித்தன. அதே விதிகளின்படி ஒப்புதல் பெற்று வழங்கப்படும் மற்றப் பட்டங்கள், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டங்களுக்கு நிகரானவை என்று 2022-இல் அக்குழு தெளிவுறுத்தியது. தனிச் சட்டத்தால் அமைந்த ஐ.ஐ.டி.கள் தமக்கென வழி வகுத்துக்கொண்டன. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2019-இல் சைபர் பாதுகாப்பில் இணையவழி முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் கான்பூர் ஐ.ஐ.டி., பணியில் இருப்போருக்கெனத் தொடங்கிய இணையவழி முதுநிலைப் படிப்புகளில் சைபர் பாதுகாப்பும் ஒன்றாயிற்று. ‘கேட்’ தேர்வு எழுதாமலே அதில் சேரலாம். ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் முடிக்கலாம்.

மீஞ்சூர் இளைஞருக்கு இந்தக் கல்வி எதற்கு? கணிப்பொறிக் கூடத்தில் இருப்பவர்க்கன்றோ இது வேண்டும் என நீங்கள் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மருச்சி என்னும் வட்டாரத்தில், கழிவுநீர் ஏற்றும் நிலையங்கள் வானொலி அலைகளின் வழியே வரும் கட்டளைப்படி இயங்கிவந்தன. அக்கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஒருவன், வட்டார மன்றத்தில் வேலை கேட்டுக் கிடைக்காத சினத்தால், காரில் ஒரு கணிப்பொறியையும் வானொலிக் கருவியையும் வைத்துக்கொண்டு பொய்க் கட்டளைகளை அனுப்பினான். ஏறத்தாழ எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் பாய்ந்தது. நீர்வாழ் உயிர்கள் மடிந்தன. அவன் எந்தச் சுவரையும் இடிக்கவில்லை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்று கேட்க அந்தப் பொறிகளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரைன் நாட்டில் மூன்று மின்வழங்கு நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குள் பகைவர் புகுந்தனர். பணியாளர் கண்ணெதிரே, அவர் கை படாமலே, திரையிலுள்ள சுட்டி நகர்ந்து மின்தொடர்களைத் துண்டித்தது. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. அது நடுங்கும் குளிர்காலம். சில மணி நேரத்தில் ஒளி திரும்பியது எவ்வாறு? துணைமின் நிலையங்களுக்கு நேரே சென்று, கையாலேயே தொடர்களை இணைத்த பணியாளர்களால்தான். நிலையத்தின் நாடி நரம்பை அறிந்தவரே ஆபத்தில் காக்க வல்லவர் என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும் 2019-இல் கூடங்குளத்தில் நிர்வாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்தது கண்டறியப்பட்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் அதற்குத் தீங்கில்லை என அணுமின் கழகம் அறிவித்தது.

ஆகவே, மின்நிலையத்தையும் குடிநீர் நிலையத்தையும் கையால் தொட்டு அறிந்தவரே காவற் கல்வியையும் கற்றுக்கொள்வாராயின், அது நாட்டுக்குப் பெரும்பேறு. அத்தகையவர் வேலையை விட்டுவிட்டு ஈராண்டு கல்லூரிக்குச் செல்லுதல் எளிதன்று. பட்டறிவை உடையவர்க்குப் பட்டத்தின் கதவு மூடியிருக்கும்; பட்டத்தை உடையவர்க்கு ஆலையின் பட்டறிவு இராது. இந்த இடைவெளியை நிரப்புவதே பகுதிநேர இணையக் கல்வியின் உண்மையான பயன்.

அந்தப் படிப்பின் நடுவேயும் நம் பழைய வினாவே நிற்கிறது. 1976-ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அறிஞர், திறந்த சாவி முறை என்னும் கருத்தை வெளியிட்டனர். திறந்த பூட்டுகளை ஊரார்க்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது போன்றது அது. யார் வேண்டுமானாலும் பூட்டி அனுப்பலாம். திறக்க வல்லவர் ஒருவரே. இதே கணக்கைத் திருப்பிப் பயன்படுத்தினால், ஒரு கட்டளையை அனுப்பியவர் இன்னார்தாம் என்று காட்டும் கையொப்பம் கிடைக்கிறது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்து, அத்தகைய கையொப்பத்துக்குச் சட்டத்தின் மதிப்பைத் தந்தது. காணாதவரை நம்பக் கணக்கும் சட்டமும் கைகோத்து நின்றன.

மாணவர்களே, நாளை நீங்களும் இத்தகைய படிப்பில் சேர விரும்பினால், இரண்டை மறவாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், அப்படிப்புக்கு அந்த ஆண்டில் ஒப்புதல் உண்டா என்று மானியக் குழுவின் பட்டியலைப் பாருங்கள். ஐ.ஐ.டி. போன்று தனிச் சட்டத்தால் அமைந்த நிறுவனமாயின், பட்டத்தை வழங்குவது அந்நிறுவனமேதானா என்று கேட்டறியுங்கள். விளம்பரத்தின் ஒளியைக் கண்டு மயங்க வேண்டா. இது முதலாவது. இரண்டாவது, தேர்வில் நேர்மை. வீட்டறையில் தனியே அமர்ந்து எழுதும் தேர்வில் பிறர் விடையைத் தன் விடையாகக் காட்டுதல் எளிதாகத் தோன்றலாம். காவலைக் கற்பதற்கே களவு செய்பவன், நாளை எதைக் காப்பான்?

காட்டுப்பள்ளியில் கடல்நீர் நன்னீராகிக் குழாயேறி வருகிறது. அதைப் பருகும் சென்னைத் தாய் ஒருத்தி, இரவெல்லாம் கண்விழித்து அந்நிலையத்தைக் காப்பவர் முகத்தைக் கண்டதில்லை. அவர் பெயரையும் அறியாள். ஆயினும் அவரை நம்பியே அவள் தன் குழந்தைக்கு நீர் வார்க்கிறாள். அந்த நம்பிக்கைக்கு ஒருவன் தகுதியாவதே பட்டம், மற்றது காகிதம்.