தகைமையீனமும் தீர்ப்பாளரும்: பதினான்காம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசியலமைப்பைப் பேணுவதாகச் சத்தியம் செய்து பதவியேற்ற ஒருவர் அவ்வரசியலமைப்பிற்கு எதிராகவே கிளர்ந்தெழுவாராயின், கிளர்ச்சி அடங்கியபின் அவர் மீண்டும் பதவி வகித்தல் தகுமா? 1865 இல் உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது ஐக்கிய அமெரிக்கா எதிர்நோக்கிய வினாக்களுள் இதுவும் ஒன்றாகும். போரில் தோல்வியுற்ற தென் மாநிலங்கள், பிரிவினைக் கூட்டமைப்பிற் பதவி வகித்தோர் பலரையே மீண்டும் காங்கிரசுக்குத் தெரிவு செய்தன. கூட்டமைப்பின் உப சனாதிபதியாயிருந்த அலெக்சாண்டர் ஸ்டீவன்சை யோர்ஜியா மாநிலம் 1866 இல் மூதவைக்குத் தெரிவு செய்தமை இதற்குத் தக்க சான்றாகும். காங்கிரசு இவர்களை ஏற்க மறுத்தது.

இச்சூழ்நிலையிலேயே 1866 யூன் மாதத்திற் காங்கிரசினால் முன்மொழியப்பட்டு, 1868 யூலையில் மாநிலங்களின் அங்கீகாரம் பெற்ற பதினான்காம் திருத்தத்தில் மூன்றாம் பிரிவு இடம்பெற்றது. முன்னர் அரசியலமைப்பின்பாற் சத்தியம் செய்து பதவி வகித்துப் பின்னர் கிளர்ச்சியில் ஈடுபட்டோர், மத்தியிலோ மாநிலத்திலோ பதவி வகிக்கலாகாது என அது விதித்தது. இத்தகைமையீனத்தை நீக்கும் அதிகாரம் காங்கிரசின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுக்கே உரியதாக்கப்பட்டது. சனாதிபதி அன்ட்றூ யோன்சன் தாராளமாக மன்னிப்பு வழங்கிவந்த காலம் அதுவென்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வகையில், குற்றம் யாது, தகைமையீனம் யாது, மன்னிப்பவர் யார் என்பன தெளிவாகக் கூறப்பட்டன. ஆயின், ஒருவர் கிளர்ச்சியில் ஈடுபட்டாரென முடிவு செய்பவர் யார் என்பது கூறப்படவில்லை. இவ்விடைவெளியின் விளைவுகளை இரு வழக்குகள் விரைவிலேயே புலப்படுத்தின.

முதலாவது, கூட்டமைப்பின் சனாதிபதியாயிருந்த யெபர்சன் டேவிசின் தேசத்துரோக வழக்காகும். மூன்றாம் பிரிவு டேவிசை ஏற்கெனவே தண்டித்துவிட்டமையால், அவரை மீண்டும் தண்டித்தலாகாது என அவர்தம் சட்டத்தரணிகள் 1868 இல் வாதிட்டனர். பிரதம நீதியரசர் சால்மன் சேஸ் இவ்வாதத்தின் பக்கம் சார்ந்தார். உடனமர்ந்த நீதிபதி யோன் அண்டர்வூட் உடன்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 25 ஆம் திகதி யோன்சன் வழங்கிய பொதுமன்னிப்புடன் அவ்வழக்கு முடிவுறாமலே கைவிடப்பட்டது.

இரண்டாவது, 1869 இல் எழுந்த சீசர் கிறிபினின் வழக்காகும். கிறிபின் வேர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினத்தவர். கொலை செய்யும் எண்ணத்துடன் சுட்டாரென அவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி ஹியூ ஷெபி, போருக்கு முன்னர் அம்மாநிலச் சட்டமன்றத்திற் சத்தியம் செய்தவர். போர்க்காலத்தில் அங்கிருந்தே கூட்டமைப்பை ஆதரித்தவர். பதவி வகிக்கத் தகைமையற்ற ஒருவர் தமக்கு எங்ஙனம் தண்டனை விதிக்கலாம் எனக் கிறிபின் வினவினார். அண்டர்வூட் அவரை விடுதலை செய்தார். மேன்முறையீட்டை விசாரித்த சேஸ் அவ்விடுதலையை நீக்கினார். மூன்றாம் பிரிவு தானாக இயங்குவதன்று. அதனைச் செயற்படுத்தக் காங்கிரசு சட்டமியற்றல் வேண்டும் என்பது அவரது முடிபாகும்.

சேசின் வாதத்தில் நடைமுறை நியாயம் இல்லாமலில்லை. பிரிவு தானாகவே இயங்குமாயின், தென் மாநிலங்களில் அத்தகைய நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புக்கள் யாவும் செல்லாதனவாகிவிடும் என அவர் அஞ்சினார். எனினும், ஓராண்டு நிறைவதற்குள் ஒரே நீதியரசரிடமிருந்து ஒரே பிரிவு இருவேறு பொருள் பெற்றமை கருதத்தக்கது. கிளர்ச்சித் தலைவர் அதனைத் தம் பாதுகாப்புக்கு எடுத்தபோது அது தானாக இயங்கியது; அக்கிளர்ச்சியினரின் ஆட்சியிலிருந்து காக்கப்படவேண்டிய இனத்தவரொருவர் அதனை எடுத்தபோது அது இயங்கவில்லை.

பின்னர் காங்கிரசு 1870 இற் சட்டமியற்றியது. தகைமையற்றோர் எவ்வுரிமையாற் பதவி வகிக்கின்றனர் என நீதிமன்றத்தில் வினவும் கடமை சமஷ்டி வழக்குத்தொடுநருக்கு அளிக்கப்பட்டது. ஆயின், 1872 மே மாத மன்னிப்புச் சட்டம் சில உயர் பிரிவினர் தவிர்ந்த ஏனையோரின் தகைமையீனத்தை நீக்கிற்று. 1873 இல் ஸ்டீவன்ஸ் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். எஞ்சியோரும் 1898 இல் விடுவிக்கப்பட்டனர். முதலாம் உலகப் போரின்பின் சோசலிசவாதியான விக்டர் பேர்கருக்கெதிராக இப்பிரிவு எடுத்தாளப்பட்டது. 1919 இல் பிரதிநிதிகள் சபை அவருக்கு ஆசனம் மறுத்தது. மக்கள் மீண்டும் தெரிவு செய்தபோதும் மறுத்தது. 1921 இல் அவர்மீதான குற்றத்தீர்ப்பை உயர் நீதிமன்றம் நீக்கிய பின்னரே, 1923 இல் அவர் சபையில் அமர முடிந்தது. இங்கு தீர்ப்பாளராக விளங்கியது அரசியற் பெரும்பான்மையேயாகும்.

2021 சனவரி 6 ஆம் திகதி காங்கிரசு மாளிகை தாக்கப்பட்டதையடுத்துப் பழைய வினா மீண்டும் எழுந்தது. டொனால்ட் ட்ரம்ப் கிளர்ச்சியில் ஈடுபட்டார் எனக் கொலராடோ மாநில உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்து, அவரை வாக்குச்சீட்டிலிருந்து விலக்கப் பணித்தது. 2024 மார்ச் 4 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனை ஏகமனதாக மாற்றியது. சமஷ்டிப் பதவிகள் தொடர்பாக மாநிலங்கள் இப்பிரிவைச் செயற்படுத்தலாகாது என்பதில் ஒன்பது நீதியரசர்களும் உடன்பட்டனர். காங்கிரசின் சட்டம் வேண்டும் என ஐவர் மேலுங்கூறியபோது, அது வேண்டப்படாத முடிபென ஏனைய நால்வர் விலகி நின்றனர். கிறிபினின் வழக்கும் அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. ட்ரம்ப் கிளர்ச்சியில் ஈடுபட்டாரா என்னும் வினாவுக்கு அந்நீதிமன்றம் விடை கூறவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் வெற்றிபெற்று, 2025 சனவரியில் அவர் மீண்டும் சனாதிபதியானார்.

தீர்ப்பாளரைக் குறிக்காத விதி எவருக்கும் உரியதன்று போலத் தோன்றினும், உண்மையில் அது அவ்வக்காலத்தில் அதிகாரம் வாய்ந்தோர்க்கே உரியதாகின்றது. மாநிலந்தோறும் வேறுபட்ட தீர்ப்பு எழுதல் ஆபத்தெனின், பெரும்பான்மைக் கட்சியின் கையில் அதனை விட்டுவிடுதலும் ஆபத்தே. இவ்விரண்டிற்குமிடையே ஒரு வழியை வகுக்கும் பணியை 1866 இன் காங்கிரசு நிறைவு செய்யவில்லை. அதன் விலையை முதலிற் செலுத்தியவர் வேர்ஜீனியாவின் சிறைக்குத் திருப்பி ஒப்படைக்கப்பட்ட சீசர் கிறிபின் என்பது மறத்தற்குரியதன்று.