நெற்றி விளக்கிலிருந்து கார் விளக்கு வரை



விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்பட்ட காலத்தை நம் குடும்பப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பெரட்டு கலைந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக நிரைக்குப் போவார்கள். அந்த விளக்குகளில் ஒன்று கார்பைட் விளக்கு. சிறு கிண்ணத்தில் கார்பைட் கட்டி இருக்கும். அதன்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். பூண்டு வாடையோடு ஒரு வாயு கிளம்பும். அதைக் குழல் முனையில் கொளுத்தினால் வெள்ளை வெளேரென்று சுடர் நிற்கும்.

நம் பாட்டன் நெற்றியில் எரிந்த அதே வகை விளக்குத்தான் ஒரு காலத்தில் மோட்டார் காரின் முகப்பிலும் எரிந்தது. அந்தக் கதையையும், பழைய கார் வைத்திருக்கும் நாம் அதன் விளக்குகளைக் காக்கும் முறையையும் இன்று பார்ப்போம்.

நம் ஜோகூருக்கு எதிர்க்கரையான சிங்கப்பூரில் முதல் மோட்டார் கார் 1896இல் வந்து இறங்கியது. அது ஒரு பென்ஸ் கார். ஊர் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'காப்பி மெஷின்'! அந்நாளில் கார்களுக்கென்று தனி விளக்கு கிடையாது. குதிரை வண்டியில் மாட்டிய மெழுகுவத்தி விளக்கும் மண்ணெண்ணெய் விளக்குமே காருக்கும் வந்தன. 1892இல் கார்பைடை மலிவாகச் செய்யும் வழி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கார்பைட் விளக்கு கார்களில் ஏறியது. பொழுது சாய்ந்தால் ஓட்டுநர் கீழே இறங்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும். தீக்குச்சி கிழிக்க வேண்டும். பெருமழை பெய்யும் நம் நாட்டில் இது எவ்வளவு பாடு என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1910இல் அமெரிக்காவில் கூலிட்ஜ் என்ற அறிஞர், முறுக்கினாலும் உடையாத டங்ஸ்டன் கம்பி இழையைச் செய்து காட்டினார். சாலை அதிர்ச்சியைத் தாங்கும் பல்பு அதனால் கைகூடியது. 1912இல் காடிலாக் கார், மின் விளக்கோடும் மின்சாரத்தால் கிளப்பும் மோட்டாரோடும் வெளிவந்தது. பிறகு வந்த கார்களில் தீக்குச்சிக்கு வேலையில்லை. ஒரு விசையைத் தட்டினால் போதும்.

1924இல் ஜோகூர் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. சிங்கப்பூர்க் கார்கள் படகை நம்பியிராமல் நேரே ஜோகூர் பாருவுக்கு வர வழி பிறந்தது. ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் இரவிலும் வண்டிகள் ஓடின. அதே சாலையில் மாட்டு வண்டியும், சைக்கிளும், நடந்து போகும் நம் மக்களும் இருந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மாட்டு வண்டிக்கு அடியில் அரிக்கன் விளக்கைத் தொங்கவிடுவது எதற்காக? மாட்டுக்கு வழி தெரியும். வண்டிக்காரருக்கும் அந்த மங்கல் வெளிச்சத்தால் பெரிய பயன் இல்லை. எதிரே வருபவரும் பின்னே வருபவரும் 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்று அறியத்தான் அந்த விளக்கு. கார் விளக்கின் வரலாறும் இதே வழியில்தான் நடந்தது. முதலில் நாம் பார்க்க விளக்கு. பிறகு பிறர் நம்மைப் பார்க்க விளக்கு. பின்னால் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் திசையைச் சொல்லும் சிக்னல் விளக்கு என்று அவை பெருகின. பழைய மோரிஸ் மைனர் கார்களில், திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். 1961இல்தான் அந்தக் காரில் அதற்குப் பதில் மினுக்கும் விளக்கு வந்தது.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஆராய்ந்தபோது, மற்றவர் கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருந்தன. பட்டப்பகலிலேயே ஒரு பல்பு இத்தனை உயிரைக் காக்குமானால், செம்பனைத் தோட்டத்து இருட்டில் நம் காரின் பின்விளக்கு எரியாமல் போவது எவ்வளவு பெரிய ஆபத்து!

முன்விளக்கு போனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். பின்விளக்கு போனால் அவருக்குத் தெரியாது. ஆகவே வாரம் ஒருமுறை வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஆள் இல்லையென்றால், மாலை மங்கும் நேரத்தில் காரின் பின்புறத்தைச் சுவர்ப் பக்கமாக நிறுத்துங்கள். இரு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்பதைச் சுவரே காட்டிவிடும். சிக்னல் மினுக்கும் தாளம் திடீரென்று மாறினாலும் நின்றாலும், ஏதோ ஒரு பல்பு போயிருக்கலாம்.

பல்பை மாற்றுமுன் விளக்கை அணைத்து ஆற விடுங்கள். கண்ணாடி மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பல்பை மெல்ல உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். இழை அறுந்திருக்கிறதா, கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய கார்களில் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்புதான். அதற்குள் 5 வாட்டும் 21 வாட்டுமாக இரண்டு இழைகள் இருக்கும். அதன் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இரா. ஆகவே முரட்டுத்தனமாகத் திணிக்காமல், பொருந்தும் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். கடையில் வாங்கும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டு போவது நல்லது.

புதிய பல்பும் எரியவில்லையென்றால் பல்பின்மேல் பழி போடாதீர்கள். ஈரம் புகுந்து பல்பு உட்காரும் இடம் துருப்பிடித்திருக்கும். மண்தாளால் லேசாகத் தேயுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். முன்விளக்கு ஹாலஜன் பல்பானால் அதன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுமீறிச் சூடேறி, பல்பு விரைவில் கெட்டுவிடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டுங்கள்.

நேயர்களே, நாம் மாற்றும் பின்விளக்குப் பல்பின் வெளிச்சம் நம் கண்ணில் படுவதில்லை. நமக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் கண்ணில்தான் அது படுகிறது. அந்தப் பிள்ளை பத்திரமாக வீடு சேர வேண்டுமென்றால், இன்று மாலையே நம் காரின் பின்பக்கம் ஒருமுறை நடந்து பார்ப்போம்.